தண்ணீர் தோற்க வேண்டும்

ஏர்கோனைக் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கும், மகளே. எனக்காகச் சொல்லவில்லை. உங்கள் மூக்குதான் சிவந்துபோயிருக்கிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால், அதை விடுங்க ஆன்டி, நீங்க சொல்லுங்க என்கிறீர்கள். சரி, சொல்கிறேன். சொல்ல மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்? என் மகன் தனேஷ் உங்களிடம் புகார் கொடுக்க வருவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே உட்காரவைத்து, தேநீரும் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். பெற்றவளிடம் கேட்பதைவிடப் போலீசில் கேட்பது அவனுக்குச் சுலபமாகத் தெரிந்திருக்கிறது. படித்த பிள்ளை.

உங்கள் பெயர் ஷஹானா என்று சட்டையில் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட என் வாய் வரவில்லை. மகளே என்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் கௌசலா. பெண்கள் பள்ளி ஒன்றின் வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் இதை இப்படிச் சொல்லக் கூடாது. ‘கவர்மெண்டில் இருந்தேன்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். மிச்சத்தை அவர்களே பெரிதாக நினைத்துக்கொள்வார்கள். நான் கழுவிக் கவிழ்த்த சோதனைக் குழாய்களைக் கோத்தால் கிள்ளான் வரை போகும். ஆனால் டீச்சர்மார் பாடம் நடத்தும்போது பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று வேலை செய்கிறது என்று காட்ட வேண்டுமானால், வேலை செய்யாத இன்னொன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்த ஒரு பாடம் மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது. நன்றாக என்றால், இந்த நாற்காலியில் வந்து உட்காரும் அளவுக்கு.

என் வீட்டுக்காரர் ஜெயந்திரனுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையை ஒரு வேளை தவறாமல் விழுங்கினார், விழுங்கியபடியே போய்ச் சேர்ந்தார். மாலையில் மூலைக் கடையில் இரண்டு தே தாரிக்கும், அந்தச் சீனிப் பால் தேநீரும், இனிப்புக் காயா தடவிய ரொட்டியும் சேர்ந்து போனது அவருடைய சொந்த விஷயம், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வெள்ளை மாத்திரை மேல் எனக்கு மரியாதை போய்விட்டது.

அவருடைய அக்காதான் நேசம்மா மச்சாள். கிள்ளானில் தனியாக இருந்தார். பிள்ளை குட்டி இல்லை. தாய் இல்லாத தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, கலியாணம் செய்துவைத்தவர் அவர்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் என் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, ‘பிள்ளைக்கு நல்ல மூளை இருக்கு, முகத்தில தெரியுது’ என்றார். என் வாழ்க்கையில் என் மூளையைப் புகழ்ந்த முதல் ஆள். கடைசி ஆளும் அவர்தான் என்று நினைக்கிறேன்.

மச்சாளுக்கும் சர்க்கரை இருந்தது. வீட்டின் பின்னால் சின்னதாக மண் இருந்தது, அதில் எது வைத்தாலும் வரும். இன்சுலின் செடி, இங்கே மலாய்க்காரர் ஹெம்பெடு பூமி என்று சொல்கிறார்களே அந்த நிலவேம்பு, இரண்டையும் எனக்காகவே வளர்த்தார். நான் அந்த இலைகளைக் காயவைத்து, நாவல் கொட்டைப் பொடி சேர்த்து, வேகவைத்து வடித்து, சாறு எடுத்தேன். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. கசந்தால்தான் எங்கள் ஆட்கள் மருந்து என்று நம்புவார்கள்.

இதைத் தனேஷிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் காஜாங்கில் மருந்துக் கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட். மருமகள், அவளுடைய அப்பா அம்மா எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த மேசையில் சிரித்தான். “அம்மா, டெஸ்ட் பண்ணாத வரைக்கும் அது மருந்து இல்ல, சூப். உப்பு போட்டுக் குடிங்க லா.” மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து டெஸ்ட் செய்ய ஆரம்பித்தேன். அவன் கேட்டதுதானே.

வெள்ளிக்கிழமை தோறும் என் வீட்டில் தேவாரம் ஓதக் கூடுவார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், எல்லோருக்கும் சர்க்கரை. தேவாரம் முடிந்ததும் ஒருவர் விரலை ஒருவர் குத்தி மெஷினில் சர்க்கரை பார்ப்போம், பார்த்து முடித்து கேசரி சாப்பிடுவோம். ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல ஆட்கள் கிடைப்பார்களா, சொல்லுங்கள்.

விபூதிச் சட்டியைக் கழுவித் துடைத்து அதில் சீட்டுப் போட்டேன். பாதிப் பேருக்குச் சாறு. பாதிப் பேருக்குத் தண்ணீர். தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் இல்லை. ஆறிப்போன தேயிலைச் சாயத்தில் ஆரஞ்சுத் தோலைப் போட்டு வேகவைத்தது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், கசப்பும் ஏறக்குறைய வரும். பழைய சிரப் போத்தல்களில் ஊற்றி, சாற்றின் மூடியில் சந்தனப் பொட்டும் தண்ணீரின் மூடியில் குங்குமப் பொட்டும் வைத்தேன். எது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பொட்டு வேறானாலும் உள்ளே இருப்பது சாறுதான் என்று சொல்லிவைத்தேன், தங்களில் சிலருக்குத் தண்ணீர் போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. நேசம்மா மச்சாள் தன் கையாலேயே சீட்டு எடுத்தார், குங்குமம் வந்தது. அதில் என் கை படவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

சாறு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் மாத்திரை குறுக்கே வரக் கூடாது, அதனால் எல்லோரும் மாத்திரையை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அடுத்த வாரமே பிளாஸ்டிக் பைகளில் கட்டிக் கொண்டுவந்து சாமி படத்தின் முன் வைத்துவிட்டார்கள். ரயில்வேயில் இருந்த கார்த்திகேசு அண்ணன் கற்பூரம்கூடக் காட்டினார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் எங்களுக்கு மாத்திரையை மாதக்கணக்கில் அள்ளிக் கொடுக்கிறார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் பிஸ்கட் டின் நிறைய இருக்கும். நான் வாங்கி வைத்தது மேலே இருந்த கொஞ்சம்தான்.

தொடக்கத்தில் எல்லாம் அழகாகப் போயிற்று. சாறு குடித்தவர்களுக்குச் சர்க்கரை ஏழு, எட்டு. இந்த ஊர் மெஷின் கணக்கில் அது கட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் தண்ணீர் குடித்தவர்களுக்கும் ஏழு, எட்டு. பவுனம்மாள் அக்காவுக்கு ஆறு. கேசரி இரண்டு கிண்ணம் சாப்பிடுகிற பவுனம்மாள் அக்காவுக்கு, தேயிலைச் சாயம் குடித்து, ஆறு. உலகத்திலேயே ஆரஞ்சுத் தோலுக்கு இப்படியொரு சக்தி இருப்பதைக் கண்டுபிடித்தவள் நானாக இருப்பேனோ என்றுகூட ஒரு வாரம் யோசித்தேன். நேசம்மா மச்சாளுக்கு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. பதினான்கு, அப்புறம் பதினெட்டு.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கேசரிக்கு முன்னால், என் சமையலறையில் கார்த்திகேசு அண்ணன் சிங்க் பக்கம் திரும்பி நின்று எதையோ விழுங்குவதைப் பார்த்தேன். என்ன அது என்று கேட்டேன். பனடோல், தலைவலி என்றார். பனடோல் எது, மற்றது எது என்று எனக்குத் தெரியாதா? ஜெயந்திரனுக்குக் காலையும் மாலையும் எடுத்துக் கொடுத்த கை இது.

“கோவிச்சுக்காதீங்க தங்கச்சி,” என்றார். “உங்க சாறையும்தான் குடிக்கிறோம். ரெண்டும் உள்ள போய்ச் சண்டையா பிடிக்கப்போவுது?”

“குடிக்கிறோம்னா, யாரு யாரு?”

“எல்லாரும்தான் லா. பவுனம்மா மூணு வேளையும் போடுறாங்க. நல்ல மனசோட செய்றீங்க, உங்க முகத்துக்கு நேரா வேணாம்னு எப்படிச் சொல்றது? மரியாதை இல்ல.”

“நேசம்மா மச்சாளுமா?”

அவர் சிரித்தார். “அவங்களா? இருந்த கடைசி மாத்திரை வரைக்கும் உங்ககிட்ட குடுத்திட்டு, கிளினிக் அப்பாயின்ட்மெண்டுக்குக்கூடப் போறதில்லையாமே. உங்களை நம்புற ஒரே ஆள் அவங்கதான்.”

எங்கள் ஆட்களின் மரியாதை இருக்கிறதே மகளே, அதைப்போல ஆபத்தானது வேறில்லை. ‘இது எனக்கு வேண்டாம்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். எல்லாம் அன்றைக்கே கலைந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. சாற்றைக் குடித்து, மாத்திரையை ஒளித்து விழுங்கி, ‘சாறு அருமை தங்கச்சி, உடம்பு காத்து மாதிரி இருக்கு’ என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். என் சாற்றுக்குக் கிடைத்த நல்ல பெயரெல்லாம் அரசாங்க மாத்திரை சம்பாதித்துக் கொடுத்தது.

அன்று இரண்டு வழி இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தனேஷிடம் போய், நீ சொன்னது சரி, அது சூப்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த மேசை மறுபடி சிரித்திருக்கும். அல்லது, மாத்திரை இல்லாமல் இருந்த ஒரே ஆளான மச்சாளுக்குக் குங்குமப் போத்தலை மாற்றிச் சந்தனப் போத்தலைக் கொடுத்திருக்கலாம். என் இலை உண்மையில் வேலை செய்கிறதா இல்லையா என்று அப்போது தெரிந்துபோயிருக்கும். நீங்கள் இப்போது புருவத்தைத் தூக்குகிறீர்களே, அதே யோசனை எனக்கும் வந்தது. ஏன் செய்யவில்லை என்றால், வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது கணக்கு. சாறு குடித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். எப்படி என்பது எனக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரியும், அவர்கள் மரியாதைக்காரர்கள், வாய் திறக்க மாட்டார்கள். சாறு ஜெயித்தாயிற்று. ஆனால் பக்கத்தில் வைத்த தண்ணீரும் ஜெயித்துக்கொண்டிருந்தால் சாறு ஜெயித்ததற்கு என்ன அர்த்தம்? தண்ணீர் தோற்க வேண்டும். தண்ணீர் குடித்தவர்களில் தோற்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

மற்றவர்களுடைய தண்ணீர்க் கணக்கை, ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று சொல்லி ஒதுக்கிவிட்டேன். அது பொய்கூட இல்லை.

மச்சாள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து, பை நிறைய இலையோடு வருவார். தன் மண்ணில் வளர்ந்த இலையை என்னிடம் கொடுத்துவிட்டு, என்னிடமிருந்து தேயிலைச் சாயத்தை வாங்கிக்கொண்டு போவார். போகும்போது, ‘உனக்கு எவ்வளவு கஷ்டம் பிள்ளை’ என்பார். புதுச் செருப்பு கடித்து வலது காலில் ஒரு கொப்புளம் வந்தது. சின்னதுதான். ஒரு வாரம் கழித்து அது சின்னதாக இல்லை. மச்சாளின் பக்கத்து வீட்டு வள்ளியம்மா மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டிவிட்டிருந்தாள். கட்டைப் பிரித்து நான் பார்த்தேன். வாசனை வந்தது. பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் பழகிய மூக்கு என்னுடையது, எது எதற்கு அறிகுறி என்று அதற்குத் தெரியும். சுத்தமாகத் துடைத்து, நல்ல துணியால் மறுபடி கட்டிவிட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கட்டிவிட்டேன்.

அப்போதுதான் மச்சாள் கேட்டார். அதுவும் எப்படி, என்னவோ என்னிடம் கடன் கேட்பதைப்போலத் தயங்கித் தயங்கி.

“பிள்ளை, மாத்திரையைக் கொஞ்ச நாளைக்குத் திரும்பப் போட்டுப் பாக்கட்டா? உன்ர ஆராய்ச்சிக்கு ஏதும் குறை வருமெண்டா வேண்டாம்.”

அவர் கொடுத்த மாத்திரைப் பை என் அலமாரியில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். “இன்னும் கொஞ்சம் பொறுங்க மச்சாள், இப்பதான் உள்ள வேலை செய்யத் தொடங்கியிருக்கு” என்றேன்.

“ஓம் பிள்ளை” என்றார். போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் படி இறங்கினார்.

கிள்ளானில் மூலிகை ஆர்வலர் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய கூட்டம் என்று நினைக்காதீர்கள். பாதிப் பேர் பிற்பகல் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். ஆனால் தனேஷ் வந்திருந்தான். மருமகளும் அவளுடைய அப்பாவும் வந்திருந்தார்கள். நான் டீச்சர்மாரைப் போலவே நின்று பேசினேன். சாறு குடித்தவர்கள் அத்தனை பேருக்கும் சர்க்கரை அடங்கியிருக்கிறது. வெறும் தண்ணீரை ஒழுங்காகக் குடித்துவந்த ஒருவருக்கு மட்டும் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறி, காலில் புண்ணும் வந்துவிட்டது. பெயர் சொல்லவில்லை. ஆராய்ச்சியில் பெயர் சொல்லக் கூடாது, அது ஒழுக்கம்.

கை தட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தனேஷ் மேடைக்குப் பக்கத்தில் வந்து, நல்லா செஞ்சிருக்கீங்கம்மா என்றான். அவன் அப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது, மகளே. உடனேயே கேட்டான், அந்த ஒருத்தரை மாத்திரைக்கு மாற்றிவிட்டீர்கள்தானே என்று. மாற்றியாச்சு என்றேன். வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வந்தது.

நேசம்மா மச்சாள் முன் வரிசையில் இருந்தார். காலில் இருந்த கட்டுத் தெரியாதபடி நல்ல சேலையைத் தழைய உடுத்தி, எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார். கூட்டம் கலைந்ததும் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

“எல்லாம் நல்லாச் சொன்னாய் பிள்ளை. ஆனா அந்தத் தண்ணி குடிச்ச மனுசி பாவம். அவவுக்கும் எங்கட இலையைக் கொஞ்சம் குடன். நான் கூடப் பறிச்சுத் தாறன்.”

நான் சரி என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டதோ என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் வருகிறது. எனக்கு வரவில்லை. மச்சாளுக்கு அப்படிச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. தன் காலில் இருக்கும் புண்ணைப் பார்த்துக்கொண்டே, வேறு யாருக்கோ புண் வந்திருக்கிறது என்று இரக்கப்படக்கூடியவர். நான் சொன்னால், அது அப்படித்தான்.

கூட்டம் முடிந்துவிட்டதே, ஆராய்ச்சியும் முடிந்ததுதானே, அதற்குப் பிறகாவது மாத்திரையைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாத்திரை போட்டு மச்சாளுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தால், அதை அவர் சந்தோஷமாகத் தனேஷிடம் சொல்லியிருப்பார், அந்தத் தண்ணீர் குடித்த ஆள் யார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஏன் என் அத்தைக்கு இவ்வளவு நாள் தேயிலைச் சாயம் கொடுத்தீர்கள் என்று கேட்டிருப்பான். அதனால் அன்றும் ஒரு போத்தல் கொடுத்தேன். பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு, என் கையால் ஊற்றி, குங்குமப் பொட்டு வைத்துக் கொடுத்தேன். அதன் பிறகும் கொடுத்தேன்.

ஜுரத்தில் உளறுகிறார் என்று வள்ளியம்மாதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் நினைவு தெளிந்ததும் இளம் டாக்டர் ஒருவர், என்ன மருந்து எடுக்கிறீர்கள், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டார். மச்சாள் கட்டிலின் காலடியில் நின்ற என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரு வேளை விடாமல் போடுகிறேன் என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இலை வைத்தியம் என்றால் டாக்டர்மார் திட்டுவார்கள் அல்லவா. நான் குறுக்கே பேசவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை.

காலை எடுத்தார்கள். அதற்குள் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. அப்புறம் மச்சாள் கண் திறக்கவில்லை.

சடங்குகள் முடிந்து மச்சாளின் வீட்டைக் காலி செய்யப் போன தனேஷ், குளிர்பெட்டியில் போத்தலைப் பார்த்திருக்கிறான். மூடியைத் திறந்து முகர்ந்திருக்கிறான். பார்மசிஸ்ட் மூக்கு. நிலவேம்புக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் வித்தியாசம் தெரியாதா. என்னிடம் வந்து, அந்தத் தண்ணீர் குடித்த ஆள் அத்தையா என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நேராக இங்கே வந்திருக்கிறான்.

இப்போது நீங்கள் என்னைக் கொலைகாரி என்று எழுதலாமா என்று யோசிக்கிறீர்கள். எழுதுங்கள், மகளே. உங்களை நான் கஷ்டப்படுத்த மாட்டேன். தண்ணீர் என்று தெரிந்து கொடுத்தேன். மாத்திரை என் அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்து கொடுத்தேன். அந்தப் புண்ணின் வாசனை என்ன என்று தெரிந்து கொடுத்தேன். என் சாறு ஜெயிக்க வேண்டும் என்பதற்காக நேசம்மா மச்சாள் தோற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும். அவருடைய சம்மதம் இல்லாமல் செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டிருந்தால் மச்சாள் மறுத்திருக்க மாட்டார்.